மணலும் மக்னீசியமும் சேர்ந்தால்...
(மக்னீசியம் சிலிசைடு: தயாரிப்பும் பண்புகளும்)

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு மாணவி



உலோகம் ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் ஆக்ஸைடு, குளோரினோடு சேர்ந்தால் குளோரைடு, கந்தகத்தோடு சேர்ந்தால் சல்பைடு என்று கீழ் வகுப்புகளிலிருந்தே மனப்பாடம் செய்து வருகிறோம். அதே வரிசையில் உலோகம் சிலிக்கனோடு சேர்ந்தால் கிடைப்பது சிலிசைடு. ஆக்ஸைடுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுக்கும் பாடப்புத்தகங்கள் சிலிசைடை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. கதைகளும் கவிதைகளும் நிறைந்த நம் ஆண்டு மலரில் இதைப்பற்றி யார் படிக்கப்போகிறார்கள் என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். இது வெடிக்கும், தீப்பிடிக்கும், ஒரு பேராசிரியரின் நினைவாற்றலையே பறித்த ஆராய்ச்சியோடு தொடர்புடையது என்று சொன்னேன். "அப்படியானால் எழுது" என்றாள்.

சிலிசைடுகள் பல உண்டு. அவற்றுள் மக்னீசியம் சிலிசைடை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதற்கு வேண்டிய இரண்டு பொருள்களும் நாம் அறிந்தவை என்பதே. ஒன்று மணல். மற்றொன்று, கண்கூசும் வெள்ளை ஒளியோடு எரியும் மக்னீசியம். இன்னொரு காரணமும் உண்டு. செய்முறைக் குறிப்புகளில் "உலர்ந்த", "நுண்ணிய", "நீர்த்த", "சிறிதளவு" என்ற சொற்களை நாம் பொருட்படுத்தாமல் படித்துவிடுகிறோம். இந்தச் சேர்மத்தின் தயாரிப்பில் அச்சொற்களில் ஒன்றைக்கூட விட்டுவிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பண்பு ஒளிந்துகொண்டிருக்கிறது.

முதலில் வாய்பாட்டைப் பார்ப்போம். மக்னீசியத்தின் இணைதிறன் 2. சிலிக்கனின் இணைதிறன் 4. எண்களைக் குறுக்கே மாற்றி எழுதினால் நான்கு மக்னீசியம் அணுக்களுக்கு இரண்டு சிலிக்கன் அணுக்கள். சுருக்கினால் இரண்டுக்கு ஒன்று. உண்மையிலும் அப்படியே. இதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். மற்ற சிலிசைடுகள் பலவும் நம் இணைதிறன் விதிக்குக் கீழ்ப்படிவதில்லை. இரும்பு சிலிக்கனோடு ஒன்றுக்கு ஒன்று என்றும் சேரும், ஒன்றுக்கு இரண்டு என்றும் சேரும், மூன்றுக்கு ஒன்று என்றும் சேரும். மக்னீசியமோ சாதாரண அழுத்தத்தில் சிலிக்கனோடு இந்த ஒரே சேர்மத்தைத்தான் உண்டாக்குகிறது. தேர்வுக்குப் படிக்கும் நமக்கு இதைவிட நல்ல பிள்ளை கிடைக்காது!

மக்னீசியத்தின் அணு எடை 24.3, சிலிக்கனின் அணு எடை 28.1. ஆகவே சிலிசைடின் மூலக்கூறு எடை 76.7. நூறு கிராம் சிலிசைடில் சுமார் 63 கிராம் மக்னீசியமும் 37 கிராம் சிலிக்கனும் இருக்கும்.

இனித் தயாரிப்பு. பூமியின் மேலோட்டில் ஆக்ஸிஜனுக்கு அடுத்தபடி மிகுதியாக உள்ள தனிமம் சிலிக்கன். எடையில் கால் பங்குக்கு மேல் அதுதான். ஆனால் எங்கே தோண்டினாலும் அது தனியாகக் கிடைக்காது. மணலிலும் கல்லிலும் களிமண்ணிலும் ஆக்ஸிஜனோடு இறுகப் பிணைந்தே கிடைக்கும். அந்தப் பிணைப்பை உடைக்கும் வலிமை மக்னீசியத்துக்கு உண்டு. நல்ல வெண்மணல் பெரும்பாலும் சிலிக்கன் டை ஆக்ஸைடே. அதை மக்னீசியத் தூளோடு கலந்து சூடாக்கினால் மணலிலுள்ள ஆக்ஸிஜனை மக்னீசியம் கவர்ந்துகொள்கிறது. ஜெர்மானிய வேதியியலறிஞர் லுட்விக் காட்டர்மன் 1889-ஆம் ஆண்டில் இம்முறையைப் பற்றி எழுதினார். இன்றும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இதைச் செய்து காட்டுகிறார்கள். இங்கே இரண்டு வினைகள் நடக்கக்கூடும்.

சிலிக்கன் டை ஆக்ஸைடு + 2 மக்னீசியம் → சிலிக்கன் + 2 மக்னீசியம் ஆக்ஸைடு

சிலிக்கன் டை ஆக்ஸைடு + 4 மக்னீசியம் → மக்னீசியம் சிலிசைடு + 2 மக்னீசியம் ஆக்ஸைடு

இரண்டு சமன்பாடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வினைபடு பொருள்கள் அவையேதான். அடுப்பும் குழாயும் அவையேதான். மாறியது மக்னீசியத்தின் அளவு ஒன்றுதான். இரண்டு பங்கு மக்னீசியம் ஆக்ஸிஜனைப் பிடுங்குவதற்கே சரியாகிவிடுகிறது. மேலும் இரண்டு பங்கு இருந்தால், அது விடுதலையான சிலிக்கனைப் போய்ப் பற்றிக்கொள்கிறது. எடையில் சொன்னால், 60 கிராம் மணலுக்கு 48 கிராம் மக்னீசியம் என்றால் சிலிக்கன் வரும். 60 கிராமுக்கு 96 கிராம் என்றால் சிலிசைடு வரும். இரண்டாவது வகையில் 76 கிராம் சிலிசைடும் 80 கிராம் மக்னீசியம் ஆக்ஸைடும் கிடைக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், இரு பக்கமும் 156. பொருண்மை அழியா விதி!

இது தாளில் போடும் கணக்கு. குழாயில் நடப்பது இவ்வளவு ஒழுங்கானதன்று. தூள்கள் எவ்வளவு நன்றாகக் கலந்தாலும் ஓரிடத்தில் மக்னீசியம் கூடுதலாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் இருக்கும். ஆகையால் சிலிக்கன் செய்ய நினைத்தவருக்கும் கொஞ்சம் சிலிசைடு கிடைத்தே தீரும். இதை அறியாமல், வந்தது சிலிக்கன் மட்டுமே என்று எண்ணி அமிலத்தில் கொட்டினால் என்ன ஆகும் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

மணல் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும் என்பதே முதல் கட்டளை. கைக்கு உலர்ந்ததாகத் தோன்றும் மணலிலும் ஈரம் இருக்கும். அதனால் மணலைத் தனியே வறுத்து, ஆறவைத்து, பிறகே கலக்க வேண்டும். ஈரமிருந்தால், சூடான மக்னீசியம் அந்த நீரிலிருந்து ஹைட்ரஜனை விடுவிக்கும். அதோடு நீராவியும் சேர்ந்து குழாயையே உடைத்துவிடும். மக்னீசியம் நாடாவாக இருந்தால் வினை சரியாக நடக்காது. மணலோடு நெருங்கித் தொடும்படி தூளாக இருக்க வேண்டும். தூளாக இருப்பதாலேயே அது எளிதில் தீப்பற்றும் என்பதையும் மறக்கக்கூடாது. அப்படித் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைக்க முயல்வதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. எரியும் மக்னீசியம் தண்ணீரையும் விடாது, கரியமில வாயுவையும் விடாது. இரண்டிலுமிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கி மேலும் எரியும். உலர்ந்த மணலை மேலே கொட்டி மூடுவதே வழக்கம். மணலிலிருந்தும் ஆக்ஸிஜனைப் பிடுங்குமே என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி குறுக்குக் கேள்வி போட்டாள். சரியான கேள்விதான். பெரிய அளவு மக்னீசியம் எரியும் இடங்களில் இதற்காகவே தனி வகை அணைப்புத் தூள்களை வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வேதியியல் சிஸ்டர் இதைச் செய்து காட்டியபோது எடுத்துக்கொண்டது 0.6 கிராம் மணலும் 0.96 கிராம் மக்னீசியமும் மட்டுமே. இரண்டையும் தாளின்மேல் வைத்து மெல்லக் கலந்தார். உரலில் இட்டு அரைக்கவில்லை. தடித்த சோதனைக்குழாயில் போட்டு, சாய்த்துப் பிடித்து, புன்சன் அடுப்பில் முதலில் குழாய் முழுவதையும் இலேசாகவும் பிறகு ஓரிடத்தை மட்டும் பலமாகவும் சூடாக்கினார். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பின்வரிசையில் பேச்சு தொடங்கிவிட்டது. திடீரென்று ஒரு புள்ளியில் செந்நிற ஒளி தோன்றியது. சிஸ்டர் உடனே அடுப்பை விலக்கிவிட்டார். ஆனால் ஒளி அணையவில்லை. ஊதுவத்தியின் கங்கு நகர்வதுபோல, அதைவிடப் பன்மடங்கு விரைவாக, அது தானாகவே குழாயின் அடிவரை ஓடியது. வெளியிலிருந்து நாம் கொடுப்பது தொடக்க வெப்பம் மட்டுமே. அதன்பின் வினையே தனக்கு வேண்டிய வெப்பத்தை உண்டாக்கிக்கொள்கிறது.

"சிஸ்டர், மணல் எரியுமா?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"மணல் ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருளம்மா. ஆக்ஸிஜனோடு சேர்வதுதானே எரிவது? இப்போது அந்த ஆக்ஸிஜன் கைமாறுகிறது, அவ்வளவுதான்" என்றார் சிஸ்டர்.

குழாய் ஆறியதும் எங்களுக்கு ஒவ்வொருவராகக் காட்டினார். உள்ளே கருஞ்சாம்பல் நிறக் கட்டி, அங்கங்கே வெள்ளை. கட்டி குழாயோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. குழாயின் அடிப்பகுதி கறுத்து, விரிசல் விட்டு, இனி எதற்கும் பயன்படாதபடி ஆகிவிட்டிருந்தது. இது வெறும் அழுக்கு என்று நினைத்துவிடக்கூடாது. கண்ணாடியே பெரும்பாலும் சிலிக்கன் டை ஆக்ஸைடால் ஆனது. மணலைத் தின்ற மக்னீசியம் பாத்திரத்தை மட்டும் விட்டுவைக்குமா? கண்ணாடியின் உட்சுவரிலும் அதே வினை நடந்திருக்கிறது. தூய சிலிசைடு வேண்டுவோர் இதைக் கண்ணாடியிலோ குவார்ட்ஸ் குழாயிலோ செய்யாமல் மக்னீசியம் தாக்காத பாத்திரங்களைத் தேடுவது இதனால்தான்.

அடுத்தது அமிலம். குழாயை உடைத்து, கண்ணாடித் துண்டுகளை நீக்கி, கட்டியைச் சிறு துண்டுகளாக்கி, முகவையிலிருந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒவ்வொன்றாக இடுக்கியால் போட்டார். எங்களையெல்லாம் பாதுகாப்புக் கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நிறுத்திவிட்டார். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. முதல் துண்டு விழுந்ததும் குமிழிகள் கிளம்பின. ஒவ்வொரு குமிழியும் நீர்மட்டத்துக்கு வந்து உடைந்தவுடன் "பட்" என்ற ஓசையோடு மஞ்சள் சுடராய்ப் பற்றி எரிந்தது. தீக்குச்சியை யாரும் அருகே கொண்டு போகவில்லை. சுடருக்குப் பின் வெண்புகை மெல்லச் சுருண்டு எழுந்தது. கடுகு தாளிப்பதுபோல் படபடவென்று இது நடந்தபோது பின்வரிசைப் பேச்சு நின்றுவிட்டது.

நடந்தது இதுதான்:

மக்னீசியம் சிலிசைடு + 4 ஹைட்ரோகுளோரிக் அமிலம் → 2 மக்னீசியம் குளோரைடு + சிலேன்

சிலேன் என்பது ஒரு சிலிக்கனும் நான்கு ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு. மீத்தேனில் கார்பன் இருக்கும் இடத்தில் இங்கே சிலிக்கன் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து சிலிக்கன் டை ஆக்ஸைடாகவும் நீராகவும் மாறுகிறது. நாங்கள் பார்த்த வெண்புகை நுண்ணிய சிலிக்கன் டை ஆக்ஸைடு. அதாவது காலையில் தாளில் கொட்டிய மணல்தான்! மக்னீசியத்திடம் ஆக்ஸிஜனை இழந்து, மக்னீசியத்தையும் அமிலத்திடம் இழந்து, கடைசியில் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை மீட்டுக்கொண்டு பழையபடி ஆகிவிட்டது. வினையில் ஈடுபடாமல் மிஞ்சியிருந்த மக்னீசியமும் அமிலத்தோடு சேர்ந்து ஹைட்ரஜனை வெளிவிடும். சிலேனின் சுடர் அதையும் பற்றவைக்கும். சிலிக்கன் மட்டும் செய்ய நினைத்துக் கட்டியை மொத்தமாக அமிலத்தில் கொட்டுபவருக்கு என்ன நேரும் என்பது இப்போது விளங்கும். ஒவ்வொரு துண்டாகப் போட வேண்டும் என்ற குறிப்பு அழகுக்காக எழுதப்பட்டதன்று.

மீத்தேன் நெருப்பைக் காட்டினால்தான் எரிகிறது. சிலேன் ஏன் தானாகவே எரிகிறது? கார்பனோடு இருக்கும் ஹைட்ரஜனைவிடச் சிலிக்கனோடு இருக்கும் ஹைட்ரஜன் வேறு விதமாக நடந்துகொள்கிறது. எலெக்ட்ரான்களைத் தன்பக்கம் இழுப்பதில் கார்பன் ஹைட்ரஜனைவிடச் சற்று வல்லது. சிலிக்கனோ ஹைட்ரஜனைவிட வலிமை குறைந்தது. ஆகவே சிலேனில் எலெக்ட்ரான்கள் ஹைட்ரஜன் பக்கம் சாய்கின்றன. சிலிக்கன் அணு உருவத்திலும் பெரியது. ஆக்ஸிஜன் வந்து தாக்குவதற்கு அங்கே இடம் எளிதாகக் கிடைக்கிறது. ஒரு தனிமத்தை அட்டவணையில் ஒரு கட்டம் கீழே இறக்கினால் குணம் எவ்வளவு மாறிவிடுகிறது!

இதே முறையில் கால்சியம் கார்பைடு தண்ணீரோடு சேர்ந்து அசிட்டிலீன் தருகிறது. முன்னாளில் திருவிழாக் கடைகளில் எரிந்த கார்பைடு விளக்கு அந்த வாயுவால் எரிந்ததே. ஆனால் அதைத் தீக்குச்சியால் ஏற்ற வேண்டும். சிலிசைடை வைத்து விளக்குச் செய்ய முடியாது. ஏற்றுபவருக்கு முன்னால் அது தன்னை ஏற்றிக்கொண்டுவிடும்.

தானே எரியும் இந்த வாயுவை முதன்முதலில் கண்டவர்கள் ஃபிரெடெரிக் வோலரும் ஹைன்ரிக் பூஃபும் ஆவர்; ஆண்டு 1857. யூரியாவைச் சோதனைச்சாலையில் உண்டாக்கியதாக நாம் 1828-ஆம் ஆண்டோடு சேர்த்துப் படிக்கும் அதே வோலர்தான். சிலிக்கன் கலந்த அலுமினியத்தை வைத்து உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தியபோது இவ்வாயு வந்தது. அடுத்த ஆண்டே வோலர் மக்னீசியம் சிலிசைடிலிருந்து அமிலத்தின் உதவியால் அதைப் பெற்றார். 1902-இல் பிரெஞ்சு அறிஞர் ஹென்றி மாய்சானும் சாமுவேல் ஸ்மைல்ஸும், வெளிவரும் வாயுவைத் திரவக் காற்றால் குளிரவைத்து உறையச் செய்தார்கள். அதில் சிலேன் மட்டுமன்றி, இரண்டு சிலிக்கன் அணுக்கள் கைகோத்த டைசிலேனும் இருப்பதைக் கண்டார்கள்.

ஆனால் இவ்வாயுக்களை ஒழுங்காகப் பிரித்து, எடைபோட்டு, குணங்களை எழுதிவைத்தவர் ஆல்ஃபிரட் ஸ்டாக். இவரைப் பற்றி இரண்டு பத்தி எழுதாமல் என்னால் மேலே போக முடியவில்லை. 1876-ஆம் ஆண்டு டான்சிக் நகரில் பிறந்த ஜெர்மானியர். காற்றுப் பட்டால் எரியும் வாயுக்களைக் காற்றே படாமல் ஆராய வேண்டுமென்றால் என்ன செய்வது? காற்றை முற்றிலும் வெளியேற்றிய கண்ணாடிக் குழாய்களை வலைபோல் இணைத்து, அதற்குள்ளேயே வாயுக்களை உறையவைத்தும் உருகவைத்தும் இடம் மாற்றினார். சாதாரணக் குழாய்த் திருகுகளில் பூசும் பசையை அந்த வாயுக்கள் கெடுத்துவிடும். ஆகவே திருகுகளுக்குப் பதிலாகப் பாதரசத்தையே கதவாக வைத்தார். பாதரச மட்டம் ஏறினால் வழி மூடும், இறங்கினால் திறக்கும். மக்னீசியம் சிலிசைடும் அமிலமும் தரும் வாயுக்கலவையில் நான்கு சிலிக்கன் அணுக்கள் வரை சங்கிலியாய் நிற்கும் சிலேன்களை இவ்வாறு அவர் பிரித்தெடுத்தார். சிலிசைடிலுள்ள சிலிக்கனில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே இவ்வாயுக்களாக மாறுகிறது என்பதும் அப்போது தெரியவந்தது. நாம் இன்று வழங்கும் சிலேன் என்ற பெயரும் அவர் அமைத்ததே.

அந்தக் கதவுகள் அவரைக் கைவிட்டன. பாதரசம் அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும், நிறமில்லை, மணமில்லை. பல ஆண்டுகளாக அவருக்குத் தலைவலி, தலைச்சுற்றல், மறதி. காது மந்தமாயிற்று. காரணம் பாதரச ஆவியே என்பது 1924-இல்தான் புலப்பட்டது. அவரோடு வேலை செய்தவர்களும் பாதிக்கப்பட்டிருந்தார்கள். 1926-ஆம் ஆண்டில் அவர் பாதரச ஆவியின் ஆபத்தைப் பற்றித் தம் நோயையே சான்றாக வைத்து விரிவாக எழுதி வெளியிட்டார். தமக்கு நேர்ந்ததை மறைக்காமல், மற்ற சோதனைச்சாலைகள் தப்பிக்க வேண்டும் என்றே எழுதினார். பாதரசத்தைக் கண்டறியும் நுட்பமான முறைகளையும் தேடினார். 1946-இல் காலமானார். வெப்பமானி உடைந்தால் சிந்தும் பாதரச முத்துக்களை உள்ளங்கையில் உருட்டி விளையாடுவது மாணவியரிடையே நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கம். இதைப் படிக்கும் தங்கைமார் யாரேனும் இனியும் அப்படிச் செய்வார்களானால், இந்தப் பத்தியை அவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

சிலேன் வெறும் வேடிக்கை வாயுவாக நின்றுவிடவில்லை. அதைச் சூடாக்கினால் மிகத் தூய சிலிக்கனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிந்துவிடும். மின்னணுச் சில்லுகளிலும் சூரிய மின்கலங்களிலும் சிலிக்கன் ஏடுகளைப் படியவைக்க அது இன்று பயன்படுகிறது. சிலேன் தயாரிக்கும் தொழில்முறைகளுள் ஒன்று மக்னீசியம் சிலிசைடை வைத்தே அமைந்தது. அங்கே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் தண்ணீரையும் விட்டுவிட்டு, திரவ அம்மோனியாவில் அம்மோனியம் குளோரைடைக் கரைத்துப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீர் இல்லாததால் சிலேன் வீணாவது குறைகிறது. தொழிற்சாலைகளில் சிலேனைக் கையாளும்போது ஒரு வினோதமான அச்சம் உண்டு: கசிந்தவுடன் எரிந்தால்கூடப் பரவாயில்லை. சில சமயம் எரியாமல் தேங்கி நின்று, பிறகு ஒரேயடியாக வெடிக்கும். அவ்வாறு உயிர்ச்சேதமும் நேர்ந்திருக்கிறது.

தூய சிலிசைடு வேண்டுமென்றால் மணல் வழி உதவாது. மக்னீசியம் ஆக்ஸைடு கலந்தே வரும். மக்னீசியத்தையும் சிலிக்கனையும் நேராகச் சேர்க்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் மூன்று எண்களைப் பாருங்கள். மக்னீசியம் 650 டிகிரி செண்டிகிரேடில் உருகும். சுமார் 1,090 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். சிலிக்கன் உருகுவதோ 1,414 டிகிரியில். சிலிக்கன் உருகட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் மக்னீசியம் பறந்துபோயிருக்கும்! ஆகவே இரண்டையும் தூளாக்கி, மூடிய பாத்திரத்தில், அதைவிடக் குறைந்த வெப்பத்தில் பொறுமையாகச் சேர்க்கிறார்கள். காற்று இருக்கக்கூடாது, மக்னீசியம் எரியும். நைட்ரஜனும் கூடாது, மக்னீசியம் நைட்ரைடு உண்டாகும். ஆர்கான் போன்ற மந்த வாயுவே ஏற்றது. சிறிது மக்னீசியம் ஆவியாகும் என்று எதிர்பார்த்து அதைக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ப்பதும் உண்டு.

மக்னீசியத்தின் இந்தப் பறக்கும் குணமே வேறோரிடத்தில் நன்மையாகிறது. நம் சோதனையில் மக்னீசியம் சிலிக்கனிடமிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கியது அல்லவா? மக்னீசியம் எடுக்கும் பிட்ஜன் முறையில் இது தலைகீழாக நடக்கிறது. சுட்ட டோலமைட்டையும் இரும்புச் சிலிக்கன் கலவையையும் வெற்றிடத்தில் ஏறத்தாழ 1,200 டிகிரிக்குச் சூடாக்கினால், சிலிக்கன் மக்னீசியத்திடமிருந்து ஆக்ஸிஜனைப் பறித்துக்கொள்கிறது! விடுபட்ட மக்னீசியம் உடனே ஆவியாகி வேறு பக்கம் போய்ப் படிந்துவிடுவதால் அது திரும்பி வந்து ஆக்ஸிஜனைக் கேட்க முடிவதில்லை. டோலமைட்டிலுள்ள சுண்ணாம்பு, உண்டான சிலிக்கன் டை ஆக்ஸைடைக் கட்டிப்போட்டுவிடுகிறது. கனடா நாட்டு லாயிட் பிட்ஜன் 1940-களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. யார் வலியவர் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டு என் தோழி சிரித்தாள்.

தூய மக்னீசியம் சிலிசைடு நீலச்சாயல் கொண்ட கருஞ்சாம்பல் நிறப் படிகம். உலோகம் போல் மினுமினுக்கும். ஆனால் சுத்தியால் தட்டினால் தகடாகாது, நொறுங்கிவிடும். சுமார் 1,085 டிகிரியில் உருகும். மின்சாரத்தைச் செம்பு போலவும் கடத்தாது, கண்ணாடி போலவும் தடுக்காது. சிலிக்கனைப் போலவே ஒரு குறைகடத்தி. உலர்ந்த காற்றில் கெடாது. ஈரத்தில் மெல்லச் சிதையும். அதனால் இறுக மூடி வைக்க வேண்டும்.

இதன் அடர்த்தியைத் தராசு இல்லாமலே கண்டுபிடிக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து இதன் படிக அமைப்பை அறிந்திருக்கிறார்கள். ஒரு கனசதுரத்தைக் கற்பனை செய்யுங்கள். எட்டு மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் சிலிக்கன் அணுக்கள். மூலையணு எட்டுக் கனசதுரங்களுக்குப் பொது, முக அணு இரண்டுக்குப் பொது. ஆகவே இக்கனசதுரத்துக்குச் சொந்தமான சிலிக்கன் 1 + 3 = 4. உள்ளே எட்டு மக்னீசியம் அணுக்கள். ஒவ்வொரு சிலிக்கனையும் எட்டு மக்னீசியம் சூழ்ந்திருக்கும். ஒவ்வொரு மக்னீசியத்தையும் நான்கு சிலிக்கன் சூழ்ந்திருக்கும். எட்டுக்கு நான்கு, அதாவது இரண்டுக்கு ஒன்று. நாம் இணைதிறனைக் குறுக்கே மாற்றி எழுதிப் பெற்ற வாய்பாடு இங்கே கண்முன் நிற்கிறது. அக்கனசதுரத்தின் பக்கம் 6.35 ஆங்ஸ்ட்ராம், அதாவது ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிக் கூறுகளாக்கினால் அவற்றில் 6.35 கூறுகள். கன அளவு 256 கன ஆங்ஸ்ட்ராம். அதற்குள் நான்கு பங்கு 76.7. அவோகாட்ரோ எண்ணால் வகுத்து மடக்கை வாய்பாட்டின் உதவியோடு கணக்கிட்டேன். ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.99 கிராம் என்று வந்தது. புத்தகத்தில் உள்ளதும் 1.99. மக்னீசியத்தின் 1.74-க்கும் சிலிக்கனின் 2.33-க்கும் இடையில், அலுமினியத்தின் 2.70-ஐவிடக் குறைவு.

அலுமினியத்தைச் சொன்னதும் இதன் மிகப் பெரிய பயன் நினைவுக்கு வருகிறது. தூய அலுமினியம் மென்மையானது. அதில் சிறிது மக்னீசியமும் சிறிது சிலிக்கனும் சேர்த்துத்தான் ஜன்னல் சட்டங்களும் மின்கம்பிகளும் வாகன உறுப்புகளும் செய்கிறார்கள். சூடான நீரில் சர்க்கரை அதிகம் கரைவதுபோல, சூடான திட அலுமினியத்திலும் மக்னீசியம் சிலிசைடு அதிகம் கரையும். 595 டிகிரியில் ஏறக்குறைய 1.85 சதவீதம் வரை கரையும். ஆறினால் மிகமிகக் குறைவு. சூடான கலவையைச் சட்டென்று குளிரவைத்தால் கரைந்தது வெளியே வர நேரமிருக்காது. பிறகு அதைச் சுமார் 175 டிகிரியில் சில மணி நேரம் வைத்திருந்தால், மக்னீசியமும் சிலிக்கனும் கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக எங்கும் ஒன்றுகூடும். அலுமினிய அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகராதபடி அவை குறுக்கே நின்று தடுக்கின்றன. இந்த ஊசிகள் முழுமையான சிலிசைடாக மாறுவதற்கு முந்திய நிலையில்தான் கலவைக்கு வலிமை உச்சமாக இருக்கிறது. அதிக நேரம் சூட்டில் விட்டுவிட்டால் அவை பருத்து, எண்ணிக்கை குறைந்து, உலோகம் மறுபடியும் மென்மையாகிவிடும். இங்கேயும் நேரமும் அளவும்!

வெப்பத்தை நேரே மின்சாரமாக மாற்றும் பொருள்களின் வரிசையிலும் மக்னீசியம் சிலிசைடு இடம் பெற்றிருக்கிறது. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருந்தால் மின்னழுத்தம் தோன்றும் என்பது 1821-இல் சீபெக் கண்டது. தொழிற்சாலைப் புகைபோக்கியிலும் மோட்டார் வாகனப் புகைக்குழாயிலும் வீணாகும் வெப்பத்தை இப்படிப் பயன்படுத்த முயன்று வருகிறார்கள். இதற்குப் பயன்படும் ஈயம், டெல்லூரியம் சேர்ந்த பொருளில் ஈயம் நஞ்சு, டெல்லூரியமோ அரியது. சிலிசைடிலுள்ள இரண்டு தனிமங்களும் மண்ணில் குறைவில்லாமல் கிடைப்பவை, நஞ்சற்றவை, இலேசானவை. வெள்ளீயத்தை ஓரளவு சேர்த்தால் வெப்பம் கடத்துவது குறைந்து பயன் கூடுகிறது. தடையாக நிற்பது பழைய குணம்தான்: பல நூறு டிகிரி வெப்பத்தில் காற்றுப் பட்டால் அதிலுள்ள மக்னீசியம் மீண்டும் ஆக்ஸிஜனைத் தேடிப் போய்விடுகிறது. அதைத் தடுக்க மேலே என்ன பூச்சுப் பூசலாம் என்று இப்போது ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.